வீட்டு மீடியா சர்வர்: பெட்டி வாங்கும் முன் டிவியைப் பாருங்கள்

வாரம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்: "வீட்டுல ஒரு மீடியா சர்வர் போடலாம்னு இருக்கேன். எந்த பிராசஸர் வாங்கட்டும்?" படங்களையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து, வீட்டு டிவிக்கும் போனுக்கும் அங்கிருந்து அனுப்புவதுதான் மீடியா சர்வர். நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்க டிவி என்ன மாடல்?" என்று கேட்பேன். சர்வரைப் பற்றிக் கேட்டால் இவன் ஏன் டிவிக்குப் போகிறான் என்ற குழப்பம் அவர் முகத்திலேயே தெரியும். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் கணக்கு சரியாக வரும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் முதல் சர்வர், ஓய்வு பெற்ற ஒரு கேமிங் கம்ப்யூட்டர். ஆறு கோர் பிராசஸர், 32 ஜிபி ரேம், பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் இரவு 4கே படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா, "எழுத்தைப் போடுப்பா, என்ன பேசுறாங்கன்னே புரியல" என்றார். சப்டைட்டிலை ஆன் செய்தேன். பக்கத்து அறையில் சர்வரின் விசிறி இரையத் தொடங்கியது. படம் நின்றது, இரண்டு நொடி ஓடியது, மறுபடி நின்றது. போனில் சர்வரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், ஆறு கோரும் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நாலு வரி எழுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா!

அந்தப் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தது. ப்ளூரே டிஸ்க்கிலிருந்து வரும் சப்டைட்டில் உண்மையில் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு வரியும் ஒரு படம். அந்தப் படத்தைத் திரைமேல் ஒட்டிக் காட்டத் தெரியாத டிவி ஆப், வேலையை சர்வரிடம் தள்ளிவிட்டது. சர்வர் என்ன செய்யும்? வீடியோவை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்தை ஒட்டி, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். 4கே ஃப்ரேம் ஒன்றில் 83 லட்சம் பிக்சல்கள். நொடிக்கு 24 ஃப்ரேம். ஆக, நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி பிக்சல்களைப் பிரித்துக் கோக்கும் வேலை. அம்மா கேட்டது அதைத்தான்.

கடிதமும் உறையும்

ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி என்று எந்த மென்பொருளை வைத்தாலும் சர்வர் செய்யும் வேலை மூன்றே வகை. கையில் இருக்கும் கடிதத்தை அப்படியே நீட்டுவது முதல் வகை. இதை டைரக்ட் பிளே என்கிறார்கள். கடிதத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றிக் கொடுப்பது இரண்டாவது. எம்கேவி கோப்பை எம்பி4 போன்ற வேறொரு பொதிக்குள் போட்டுக் கொடுப்பது இந்த ரகம்; பிராசஸருக்கு இது கொசுக்கடி. கடிதத்தையே வேறு மொழியில் பெயர்த்து எழுதிக் கொடுப்பது மூன்றாவது. டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான். முதல் இரண்டுக்கும் பத்து வருடப் பழைய லேப்டாப் போதும். மூன்றாவதற்குத்தான் வன்பொருள் பற்றிய இத்தனை பேச்சும்.

பெயர்த்து எழுத வேண்டிய கட்டாயம் எப்போது வருகிறது என்பதைப் பெரும்பாலும் பார்க்கும் சாதனம்தான் முடிவு செய்கிறது. வீடியோ எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்க முறையில், இருக்கிறது என்பது முதல் விஷயம். 2003இல் வந்த ஹெச்.264 ஓடாத சாதனத்தை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 2013இல் வந்த ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265, 4கே டிவிகளில் பொதுவாக ஓடும். ஆனால் எல்லா பிரவுசரிலும் ஓடும் என்று நம்ப முடியாது. 2018இல் வந்த ஏவி1, சில வருடங்கள் முந்தைய டிவிகளுக்குப் புரியாத மொழி. ஒரே கோப்பு, வரவேற்பறை டிவியில் அப்படியே ஓடும். அதே வீட்டில் லேப்டாப் பிரவுசரில் திறந்தால் சர்வருக்கு மூச்சு வாங்கும்.

ஒலியும் ஒரு காரணம். டிடிஎஸ் ஒலியை ஏற்காத டிவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒலியை மட்டும் மாற்றுவது லேசான வேலை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சப்டைட்டில் கதையை மேலே சொன்னேன். ஹெச்டிஆர் எனப்படும், ஒளியும் நிறமும் அகன்ற வீச்சில் பதிவாகும் முறையில் எடுத்த படத்தைச் சாதாரணத் திரையில் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி வெளிறித் தெரியும். அதைச் சரிசெய்ய நிறங்களைக் கணக்கிட்டு மாற்ற வேண்டும். இதுவும் கனமான வேலைதான். கடைசியாக, வீட்டுக்கு வெளியிலிருந்து மொபைல் டேட்டாவில் பார்ப்பது. அங்கே வேகம் போதாததால் படத்தைச் சிறிதாக்கித்தான் அனுப்ப வேண்டும். ஊருக்குப் போன தங்கையும் வேலைக்குப் போகும் வழியில் நீங்களும் பார்ப்பீர்கள் என்றால் டிரான்ஸ்கோடிங்கைத் தவிர்க்க முடியாது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒரே டிவியில்தான் பார்க்கிறீர்கள் என்றால், அநேகமாக அது தேவையே படாது.

டிவியின் சொந்த ஆப் சொதப்புகிறது என்றால், நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை டிவியில் செருகுவது பல வீடுகளில் சர்வரையே மாற்றுவதைவிடச் சிக்கனமான தீர்வு. இதை யாரிடம் சொன்னாலும் ஏமாற்றமாகத்தான் பார்க்கிறார்கள். புதுப் பெட்டி கட்டும் ஆசையோடு வருகிறவரிடம் அது வேண்டாம் என்றால் பின்னே?

பிராசஸரில் பார்க்க வேண்டிய ஒரு மூலை

டிரான்ஸ்கோடிங் உறுதியாக வேண்டும் என்றால், பிராசஸரில் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று பார்ப்பது பழைய பழக்கம். பிளெக்ஸ் நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல் அந்தக் காலத்து மிச்சம்: 1080பி ஓட்டம் (ஸ்ட்ரீம்) ஒன்றை மாற்ற, பிராசஸர் வேகத்தை அளக்கும் பாஸ்மார்க் சோதனையில் 2,000 மதிப்பெண், 4கே ஹெச்டிஆர் படம் ஒன்றை 1080பியாகக் குறைக்க 17,000 மதிப்பெண். எல்லா வேலையையும் பிராசஸரின் பொது மூளையே செய்தால் வரும் கணக்கு அது.

வீடியோவுக்கென்றே தனி மின்சுற்று சிப்பின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் கணக்கே வேறு. இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு கொண்டுவந்த குயிக் சிங்க் அப்படிப்பட்டது. இன்டெல்லின் என்100 என்ற சின்னச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்தது, நான்கு சிக்கன கோர்கள், 6 வாட் வரையறை. பாஸ்மார்க்கில் அது வாங்குவது ஐயாயிரத்துச் சொச்சம்தான். மேலே சொன்ன கணக்குப்படி அரை 4கே படம்கூட அதனால் மாற்ற முடியாது. நடைமுறையிலோ குயிக் சிங்க் துணையோடு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட 4கே ஓட்டங்களைச் சமாளிக்கிறது. என் பழைய கேமிங் கம்ப்யூட்டர் ஆறு கோரையும் எரித்துத் தோற்ற இடம் அது.

ஆனால் எல்லா குயிக் சிங்கும் ஒன்றல்ல. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்க நினைப்பவர் தலைமுறையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப்புகளில் ஹெச்இவிசி உண்டு, ஆனால் நிற நுணுக்கம் 8 பிட் வரைதான். 4கே ஹெச்டிஆர் படங்கள் 10 பிட்டில் வருபவை; அவற்றுக்கு ஏழாம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 கோப்பைப் பிரிக்க 11ஆம் தலைமுறை. ஏவி1 ஆகவே திரும்பச் சுருக்கும் திறன் 2022இல் வந்த ஆர்க் கிராஃபிக்ஸ் கார்டுகளோடுதான் வந்தது. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். வீட்டு சர்வருக்கு அது ஒரு மதில் சுவர். பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்கள் விற்கும் இடத்தில் ஆறாம் தலைமுறை மலிவாகக் குவிந்து கிடப்பதற்கு மயங்கிவிட வேண்டாம்.

இன்னொரு பொறி: மாடல் எண்ணின் வால் பகுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த இன்டெல் சிப்பில் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது, அதனால் குயிக் சிங்கும் கிடையாது. கேமிங்குக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களில் இந்த வால் சகஜம். என்னுடையதிலும் இருந்தது. வாங்கும்போது "கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கே, இது எதுக்கு" என்று சேமித்த காசு அது.

ஏஎம்டி சிப்புகள் பொதுவேலைக்கு அருமையானவை. மீடியா சர்வர் உலகத்தில் மட்டும் அவற்றின் வீடியோ மின்சுற்றுக்கான ஆதரவும், முக்கியமாக ஹெச்.264 சுருக்கத்தின் தரமும் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தன. கையில் ஏற்கெனவே இருந்தால் முயன்று பாருங்கள். இதற்கென்றே வாங்குவதானால் நான் இன்டெல் பக்கம்தான் போவேன். என்விடியா கார்டு நன்றாக வேலை செய்யும், ஆனால் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் கோபிக்கக் கூடாது: 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வீடியோவைச் சுருக்கும் மின்சுற்றே இல்லை, ஹெச்.264 பிரிக்கும் சுற்றையும் எடுத்துவிட்டார்கள். டைரக்ட் பிளேவுக்கு மட்டும் என்றால் அது போதும்.

மென்பொருள் பக்கமும் ஒரு வரி. பிளெக்ஸில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங், அதாவது குயிக் சிங்க் மாதிரியான தனி மின்சுற்றைக் கொண்டு மாற்றும் வசதி, வேண்டும் என்றால் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வேண்டும். எம்பி தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது அதிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்த ஜெல்லிஃபினில் எல்லாமே இலவசம். பதிலுக்கு டிவி ஆப்களில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதுவானாலும் வன்பொருள் முடுக்கத்தை அமைப்புப் பக்கத்தில் போய் நீங்களே ஆன் செய்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல சிப்பை வாங்கி வைத்துவிட்டு, இந்தப் பெட்டியை டிக் செய்யாமலே மாதக்கணக்கில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ரேம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி போதும், 16 இருந்தால் நிம்மதி. மென்பொருளும் அதன் தரவுத்தளமும் போஸ்டர் படங்களும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கட்டும். நூலகத்தைப் புரட்டும்போது ஒட்டிக்கொண்டு நகரும் தொல்லை அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

இடையில் இருக்கும் ஒயர்

சர்வர் சும்மா இருக்கிறது, டைரக்ட் பிளே என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் சண்டைக் காட்சி வந்தால் மட்டும் படம் திக்குகிறது. இந்தப் புகாரைக் கேட்டதும் நான் டிவியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். விலை உயர்ந்த 4கே டிவிகளில்கூட ஈத்தர்நெட் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடுவது ஒரு பழைய விசித்திரம். 4கே ப்ளூரே டிஸ்க்கோ நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். அசைவு குறைந்த காட்சியில் 50, 60 என்று ஓடும். மழை, புகை, வெடிப்பு என்று வந்தால் துள்ளும். துள்ளும்போது துளை அடைபடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வழக்கமான புத்திமதி தலைகீழாகிவிடுகிறது. ஒயர்தான் நம்பகமானது என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் ரவுட்டர் பக்கத்தில் இருந்து, டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால், ஒயரைப் பிடுங்கிவிட்டு வைஃபைக்கு மாறுவதே சிக்கலைத் தீர்க்கும். சர்வர் இருக்கும் பக்கம் மட்டும் எப்போதும் ஒயர். அங்கே சாதாரண கிகாபிட் இணைப்பே ஐந்தாறு 4கே ஓட்டங்களைத் தாங்கும். 2.5 கிகாபிட்டும் 10 கிகாபிட்டும் பெரிய கோப்புகளைச் சர்வரில் ஏற்றும்போது நேரத்தை மிச்சப்படுத்தும். படம் பார்ப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

பணம் போக வேண்டிய இடம்

மொத்தத் தொகையில் பெரிய பங்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும் என்பது என் கட்சி. முதலில் எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்போம். நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் 1080பி படம், இரண்டு மணி நேரத்துக்கு 7.2 ஜிபி. நொடிக்கு 60 மெகாபிட் ஓடும் 4கே பிரதி அதே நேரத்துக்கு 54 ஜிபி. நூறு படம் என்றால் முதல் வகை முக்கால் டிபிக்குள் (டிபி என்பது ஆயிரம் ஜிபி) அடங்கும், இரண்டாவது 5.4 டிபி கேட்கும். எந்தத் தரத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் டிஸ்க்கின் அளவை முடிவு செய்ய முடியாது. கூடவே, 10 டிபி டிஸ்க் வாங்கிச் செருகியதும் விண்டோஸ் 9.09 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1,024ஆல் வகுக்கிறது.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 128 மெகாபிட் என்பது நொடிக்கு 16 மெகாபைட். பெரிய டிஸ்க் எதுவும் இதைப் போலப் பத்து மடங்கைச் சாதாரணமாகக் கொடுக்கும். நிமிடத்துக்கு 7,200 சுழற்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, இந்த வேலையைப் பொறுத்தவரை, சத்தத்துக்கும் சூட்டுக்கும் கொடுக்கும் காசு.

பார்க்க வேண்டியது டிஸ்க் எப்படி எழுதுகிறது என்பதை. சிஎம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாகக் கிடக்கும். எஸ்எம்ஆர் வகையில் கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்தில் உள்ளவற்றையும் கழற்றி அடுக்க வேண்டும். படத்தை ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிக்கும் வரை எஸ்எம்ஆர் சாதுவாகவே இருக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க் செத்து, புது எஸ்எம்ஆர் டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போதுதான் சுயரூபம் காட்டும். எழுதும் வேகம் தரைதட்டி, தொகுப்பிலிருந்தே வெளியே தள்ளப்படவும் வாய்ப்புண்டு. நாஸ், அதாவது நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கப்பட்ட ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பிறகு சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பெயர் பிரித்தார்கள். எந்த நிறுவனமானாலும் மாடல் எண்ணை அதன் விவரத்தாளில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வெளிப்புற யுஎஸ்பி டிஸ்க்கை வாங்கி, பிளாஸ்டிக் கூட்டை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துச் சர்வரில் போடும் பழக்கம் ஒன்று உண்டு. சில நேரம் அதுவே மலிவு. நானும் ஒன்றை உடைத்தேன். பிளாஸ்டிக் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று தெறித்தன. டிஸ்க்கை எடுத்து மாட்டினால் சுழலவே இல்லை. கையை மேலே வைத்தால் ஓர் அதிர்வும் கிடையாது. கெடுத்துவிட்டோம் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம், டிஸ்க்குகளுக்கான சாட்டா மின் இணைப்பின் மூன்றாம் முனை. பழைய பவர் சப்ளைகள் அதில் 3.3 வோல்ட் அனுப்பும். சாட்டாவின் புதிய விதிகளைப் பின்பற்றும் டிஸ்க்குகளுக்கு அங்கே மின்சாரம் வந்தால் 'அணைந்திரு' என்று பொருள். பாவம், அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சும்மா இருந்தது. மின்சாரம் கடத்தாத கப்டான் டேப்பில் நகக்கண் அளவு துண்டு வெட்டி அந்த முனையை மூடியதும் உறுமிக்கொண்டு எழுந்தது. இதில் உத்தரவாதம் போய்விடலாம் என்பதையும் யோசித்துக்கொண்டே தாழ்ப்பாளில் கை வையுங்கள்.

சின்ன டிஸ்க் பலவா, பெரிய டிஸ்க் சிலவா என்றால் பெரியது சில. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுழன்றாலே சுமார் 5 வாட் எடுக்கும். வருடம் முழுக்க ஓயாமல் எரியும் ஒவ்வொரு வாட்டும் 8.76 யூனிட். 4 டிபி டிஸ்க் ஆறு வைப்பதற்குப் பதில் 12 டிபி இரண்டு வைத்தால் வருடத்துக்கு 175 யூனிட் மிச்சம், சாட்டா துளைகளும் மிச்சம். இதே கணக்கைப் பெட்டிக்கும் போடலாம். சும்மா நிற்கும்போது 60 வாட் இழுத்த என் கேமிங் கம்ப்யூட்டருக்கும், 12 வாட் இழுக்கும் சின்னப் பெட்டிக்கும் வருட வித்தியாசம் 420 யூனிட். 'சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டர்தானே' என்று நினைக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ரெய்டு எதற்கு, எதற்கு இல்லை

ரெய்டு பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதியது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பது அதன் பயன். வேலை நிற்கக் கூடாது என்பது வங்கிக்கு உயிர்ப் பிரச்சினை. சனிக்கிழமை இரவு படம் பார்க்கும் வீட்டுக்கு?

இங்கே இரண்டு வகைத் தரவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களிடம் இருக்கும் டிஸ்க்கிலிருந்து நீங்களே பிரதி எடுத்த படம் தொலைந்தால் சில மணி நேர அலுப்புதான், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குழந்தை முதலில் நடந்த வீடியோ தொலைந்தால் தொலைந்ததுதான். இரண்டையும் ஒரே ரெய்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். கோப்பைத் தவறுதலாக அழித்தால் ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் சேர்த்து விசுவாசமாக அழித்துவிடும். பவர் சப்ளை பழுதாகி எல்லா டிஸ்க்கையும் ஒரே நொடியில் கருக்கினாலும் ரெய்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஈடு செய்ய முடியாதவற்றுக்கு 3-2-1 என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய பழைய விதிதான் சரி: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே.

படங்களுக்கு மட்டும் என்றால் நான் ஸ்னாப்ரெய்டு, அன்ரெய்டு மாதிரியான ஏற்பாடுகளின் பக்கம். இவற்றில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகப் படிக்கக்கூடிய டிஸ்க். கூடவே மீட்புக்கணக்கை வைத்துக்கொள்ள ஒரு டிஸ்க். இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செத்தாலும் மிச்சம் உள்ளவற்றில் இருக்கும் படங்கள் பிழைக்கும். ஒரு படம் பார்க்க ஒரு டிஸ்க் சுழன்றால் போதும், மற்றவை தூங்கலாம். வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கலக்கலாம். ஸ்னாப்ரெய்டு நீங்கள் சொல்லும்போதுதான் கணக்கைப் புதுப்பிக்கும் என்பதால், மதியம் ஏற்றிய கோப்புக்கு அடுத்த முறை புதுப்பிக்கும் வரை பாதுகாப்பு இல்லை. படத்துக்கு அது பரவாயில்லை.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு வேறு ஜாதி. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து, தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கும். புகைப்படங்களுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். நெடுங்காலம் இருந்த ஒரு குறை, கட்டிய தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மட்டும் பிறகு சேர்க்க முடியாது என்பது; 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 அதைத் தீர்த்துவிட்டது. ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்று இன்றும் பலர் பயமுறுத்துவார்கள். வீட்டுச் சேமிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எதைக் கட்டினாலும் ஒரு டிஸ்க்கை மாற்றும் நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். 16 டிபி டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் 22 மணி நேரம். அத்தனை நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழுமூச்சாகப் படித்துக்கொண்டிருக்கும், அவையும் அநேகமாக அதே வயது.

எந்தப் பெட்டி

சினாலஜி, க்யூநேப் போன்ற ஆயத்த நாஸ் பெட்டிகள் கைக்கு எளிது: டிஸ்க்கைச் செருகு, பிரவுசரைத் திற, முடிந்தது. சேமிப்புக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிரான்ஸ்கோடிங்குக்கும் சேர்த்து என்றால் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும். சினாலஜியின் 2020ஆம் வருட டிஎஸ்920+ பெட்டியில் குயிக் சிங்க் கொண்ட செலரான் சிப் இருந்தது. அதற்கு அடுத்து வந்த டிஎஸ்923+ இல் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லாத ஏஎம்டி ரைசன் சிப். பெரிய எண், புதிய மாடல், பொதுவேலையில் வேகம். வீடியோ மாற்றுவதில் மட்டும் ஒரு படி கீழே. மாடல் எண் ஏறுவதையும் விலை ஏறுவதையும் நம்பி வாங்கியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

அதனால்தான் வேலையை இரண்டாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்கும். டிஸ்க்குகளை ஒரு சாதாரண நாஸ் பார்த்துக்கொள்ளட்டும். படத்தை மாற்றி அனுப்பும் வேலையை உள்ளங்கை அகல மினி பிசி ஒன்று செய்யட்டும். ஐந்து வருடம் கழித்துப் புது கோடெக் வந்தால் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், டிஸ்க்குகளைத் தொட வேண்டியதில்லை. ஒரே பெட்டிதான் வேண்டும் என்பவருக்கு, நாலைந்து டிஸ்க் கொள்ளும் சிறு டவர், எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள ஐ3 ஒன்று போதும். மதர்போர்டில் எத்தனை சாட்டா துளை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கார்டு போட்டுக் கூட்டலாம் என்றாலும், பழைய சர்வர்களிலிருந்து வரும் எல்எஸ்ஐ கார்டுகள் தாமே 10 வாட் அளவுக்கு இழுக்கும், சூடாகவும் இருக்கும்.

மினி பிசியோடு யுஎஸ்பி வழியாக டிஸ்க்கை இணைக்கலாமா? ஒன்றிரண்டு தனி டிஸ்க் என்றால் தாராளமாக. நாலு டிஸ்க் பெட்டியை யுஎஸ்பியில் மாட்டி அதன் மேல் ரெய்டு கட்டுவது மட்டும் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் இணைப்புச் சிப் ஒருமுறை இடறினால் நாலு டிஸ்க்கும் ஒன்றாகக் காணாமல் போகும், ரெய்டு அதை நாலு சாவாக எண்ணிக்கொள்ளும்.

யுபிஎஸ் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். யுஎஸ்பி ஒயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

போன மாதம் கேட்டுவந்த நண்பர் ஒருவர் என் கேள்விக்கு முகத்தைச் சுளித்தாலும், வீட்டுக்குப் போய் டிவி மாடலைப் பார்த்துச் சொன்னார். அவரிடம் இருந்த கோப்புகள் எல்லாமே அதில் அப்படியே ஓடுகிற ரகம். வெளியூரிலிருந்து பார்ப்பவர் யாரும் இல்லை. பரணில் எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்று உடைந்த திரையோடு கிடந்தது. அதன் பேட்டரி வீங்கியிருந்ததால் கழற்றி எறியச் சொன்னேன். இரண்டு டிஸ்க் வாங்கி மாட்டினார். பிராசஸருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையில் மூன்றாவதாக ஒன்று வாங்கி, குடும்பப் படங்களையெல்லாம் அதில் ஏற்றி, அக்கா வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வந்து புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். செய்கிறாரா பார்க்கலாம்.